புயலைக் கழித்த பிறகு

பதினோரு மணிக்கு என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பத்தரை இருக்கும். கைக்கடிகாரத்தை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டேன், உடைமரத்து நிழலைப் பார்த்துத்தான் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்குமேல் இருக்காது. இருபத்திரண்டு வருஷம் இதே மரத்தடியில் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் அப்புறம் என்ன உத்தியோகம். பெஞ்சில் ஓர் ஆணி கிடையாது, மரமுளை அடித்துச் சேர்த்தது. எதிரே நிற்கிற குடிலிலும் ஆணி கிடையாது, சுண்ணாம்புக் கல், தேக்கு, பித்தளைக் கீல், அவ்வளவுதான். உள்ளே போகிறவன் சாவி, செல்போன், பெல்ட், சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். என் மூக்குக் கண்ணாடிக்குத் திருகு கிடையாது, நூலால் கட்டியிருக்கிறேன். வேட்டி, கை வைத்த பனியன், வெறுங்கால். திங்களும் வியாழனும் பூமியின் காந்தத்தை அளக்கப் போகிறவனின் சீருடை இதுதான், புதிதாகப் பார்க்கிறவர்கள் என்னைக் கோயில் மடப்பள்ளி ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்றைக்கும் அதே உடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இன்றைக்கு நான் அளக்க வரவில்லை, என்னை அளக்கப் போகிறார்கள். இடது முட்டிக்குக் கீழே ஒரு பிளேட்டும் எட்டுத் திருகும் இருக்கின்றன. ஸ்டீல் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. காந்தத்துக்கு மசிகிற ஸ்டீலாக இருந்தால் இந்தக் குடிலுக்குள் இனி நான் கால் வைக்க முடியாது. கருவி, காந்தத்தின் மிகச் சின்ன அளவான நானோடெஸ்லாவில், ஒன்றுக்கு மேல் அசைந்தால் இந்த இசக்கியப்பனுக்கு ஸ்டோர் ரூம், ஐம்பத்துநாலு வயதில் பல்புக்கும் பினாயிலுக்கும் காவல்.

தையல் போட்ட இடம் அரிக்கிறது. சொறியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், சொறியாமல் இருக்கிறேன், அது வேறு ஒரு தவம். போன மாதம் ஒரு மத்தியானம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி வீட்டிலுள்ள டம்ளர், தட்டு எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். எவர்சில்வர் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. கல்யாணத்துக்கு வந்த பெரிய தூக்குவாளியில் ஒட்டவே இல்லை, போன தீபாவளிக்கு வாங்கின டம்ளர் நாலில் மூன்று பச்சக்கென்று பிடித்துக்கொண்டன. செண்பகவடிவு, என் வீட்டுக்காரி, அடுப்படி வாசலில் நின்று "என்ன செய்யிய?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் போன பிறகு வேட்டியைத் தூக்கிக் காலில் வைத்துப் பார்த்தேன். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. அரை மணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தது. அப்புறம் புத்தி வந்தது, பிரிட்ஜ் காந்தம் எங்கே, எங்கள் கருவி எங்கே. இந்த இடத்தில் பூமியின் காந்தம் நாற்பதாயிரம் நானோடெஸ்லா, அதில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் கூடினாலும் அந்தக் கருவி எழுதி வைத்துவிடும். ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண் கொண்டைக்குள் ஒற்றை ஹேர்பின்னை மறந்துவிட்டு மூன்று வாரம் அளந்தாள், மூன்று வாரமும் குப்பைக்குப் போயிற்று, அந்தப் பிள்ளை உட்கார்ந்து அழுதது, நான் அன்றைக்கு மனதுக்குள் சிரித்தேன். ஒரு பின்னுக்கே அப்படி. என் காலில் ஒரு பின்னா இருக்கிறது, ஒரு சின்ன இரும்புக் கடையே இருக்கிறது. அளக்கும்போது கருவியோடு கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், முழங்காலுக்கும் கருவிக்கும் இரண்டு அடிகூட இடைவெளி இராது.

இந்நேரம் ஆபீஸ் திரையில் கருவி எழுதும் கோடு ஏறிக்கொண்டிருக்கும். தினமும் இப்படித்தான், காலையில் ஏழு மணிக்குப் படுத்துக் கிடக்கும் கோடு வெயில் ஏற ஏறத் தானும் ஏறி, பதினொன்றே காலுக்கு உச்சிக்குப் போய், சாயங்காலம் பழையபடி படுத்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பூமியின் சேட்டை என்று நினைத்தேன். அப்போதிருந்த பெரியவர் ஒருவர் மேலே கையைக் காட்டினார். தலைக்கு மேலே நூறு கிலோமீட்டரில், வெயில் காற்றை உடைத்து மின்சாரமாக்கி வைத்திருக்கிற அடுக்கில், மேற்கேயிருந்து கிழக்கே ஓர் ஓட்டம் ஓடுகிறதாம். உலகம் முழுக்க அப்படி ஓடவில்லை, காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு குறுகின பட்டையில் மட்டும்தான் அவ்வளவு பலமாக ஓடுகிறது, அந்தப் பட்டை நம் திருநெல்வேலிக்கு மேலேயே போகிறது. கேட்ட அன்றைக்கு நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, ஒரு பருந்து தெரிந்தது. தெரியாததை ஒரு கோடாக வரைந்து காட்டுகிற வேலை எனக்குக் கிடைத்ததே என்று அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் லூசு என்பார்கள். இந்த வேலை போய்விடக் கூடாது. போனால் செத்துப் போய்விட மாட்டேன், சாப்பாட்டுக்கும் குறைவில்லை, சம்பளம் அதேதான். ஆனால் போய்விடக் கூடாது.

வெயிலில் யாரோ விறுவிறுவென்று வருகிறார்கள். மாசானம். என்னோடு பதினைந்து வருஷமாக இருக்கிறவன், கால் உடைந்த ஏழு மாதமும் என் இடத்தில் நின்று அளந்தவன், ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டாதவன். பெஞ்சுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டான், சட்டைப்பையில் சாவி இருக்கும். "அண்ணாச்சி, அடிச்சிட்டு." எது என்று கேட்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. சூரியனில் வெடித்த வெடி, இரண்டு நாளாக வந்துகொண்டிருக்கிற காற்று, காந்தப் புயல், இன்று சாயங்காலத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். "எப்பல?" "பத்து நாப்பத்தொண்ணு. ஒரே தூக்கு, அறுவது ஏறிட்டு. அப்புறமும் நிக்காம ஏறுது. மேடம் உங்க சோதனைய அடுத்த வாரம் வெச்சிக்கிடலாம்னு சொல்லுதாவ." அடுத்த வாரம். அவர்களுக்கு ஒரு வாரம், எனக்கு ஏழு மாதத்தோடு இன்னும் ஒரு வாரம், ஏழு நாளும் அந்தத் தூக்குவாளியையும் டம்ளரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மாசானம் இன்னும் நின்றான். செருப்பால் மண்ணைக் கிளறினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடாதிய. இன்னைக்கே பாத்துரணும்னு நீங்க பிடிவாதமா நில்லுங்க. கோடு இப்ப பேயாட்டம் ஆடுது, நீங்க பக்கத்துல போயி நின்னு அஞ்சோ பத்தோ கூடினாலும் எது புயலு, எது காலுன்னு யாரு பிரிச்சிச் சொல்ல முடியும்? புயலுன்னு எழுதிப்புட்டுப் போயிருவாவ. நான் வாயத் திறக்க மாட்டேன்."

பாவி, எவ்வளவு பாசமாகச் சொல்கிறான். அப்படி நடந்தால் என்ன, ஒருவருக்கும் நஷ்டமில்லை, வியாழக்கிழமை நான் குடிலுக்குள் போவேன், கண்ணை வைப்பேன், எண்ணைச் சொல்வேன், என் கால் ஐந்து கூட்டியிருக்கும், அந்த ஐந்து புத்தகத்தில் ஏறும், அங்கிருந்து எங்கெங்கோ போகும், எவனோ ஒருவன் எந்த ஊரிலோ உட்கார்ந்து திருநெல்வேலிக்கு மேலே ஓட்டம் இவ்வளவு என்று கணக்குப் போடுவான், அதில் என் எலும்பிலுள்ள திருகும் சேர்ந்திருக்கும். அது கூடாது. அப்படியே இன்னொரு பக்கம் மனது, ஐந்து என்று ஏன் வைத்துக்கொள்கிறாய், சைபராகவும் இருக்கலாமே, சைபராக இருந்தால் இந்தப் பயமே வீண்தானே என்றது. சைபராக இருந்தால் ஒளிய வேண்டியதில்லை. ஐந்தாக இருந்தால் ஒளியக் கூடாது. இரண்டு வழியாகச் சுற்றியும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. ஆனால் அடுத்த வாரம் வரைக்கும் என்னால் முடியாது, அதுவும் நிஜம். எழுந்தேன். கால் மடங்கிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, நீவிவிட்டுக்கொண்டு ஆபீஸைப் பார்த்து நடந்தேன், மாசானம் பின்னாலேயே "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று வந்தான்.

ஆக்னஸ் மேடம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நிலையத்துக்குப் பொறுப்பாக வந்து மூன்று வருஷம், அதட்டிப் பேசத் தெரியாதவர்கள், அதனாலேயே எங்களுக்கெல்லாம் பயம். கோடு மதில்மேல் பூனை ஓடுகிற மாதிரி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. "மேடம், இன்னைக்கே பாத்திரலாம்" என்றேன். "இந்தப் புயல்லயா இசக்கியப்பன்? என்ன தெரியும் இதுல?" மாசானம் என் முதுகுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் சொன்னேன், இரண்டு கருவி இருக்கிறதே, ஒன்று மேற்குக் குடிலில், ஒன்று அறுபது மீட்டர் தள்ளிக் கிழக்குக் குடிலில், புயல் மேலே நூறு கிலோமீட்டரில் நடக்கிறது, அதற்கு இந்த அறுபது மீட்டர் ஒரு பொருட்டா, இரண்டிலும் ஒரே மாதிரிதான் எழுதும். என் கால் மேற்கில் மட்டும்தான் எழுதும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் புயல் போய்விடும், கால் மிஞ்சும். மேடம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். "அப்படிப் பண்ணினா தப்பிக்க வழியே இருக்காது, தெரியுமில்ல?" தெரியும் என்றேன். அவர்கள் ஒரு தாளை எடுத்து எழுதினார்கள். சாதாரண நாளாக இருந்தால் பத்து நிமிஷம் சும்மா நிற்க வைத்து ஒரு சராசரி எடுத்து முடித்திருப்பார்களாம், இன்றைக்கு அது போதாதாம், என் அசைவு தனியாகத் தெரிய வேண்டுமாம். இரண்டு நிமிஷம் தூரத்தில், இரண்டு நிமிஷம் கருவிக்கு ஒரு மீட்டரில் முகம் பார்த்து, இரண்டு நிமிஷம் இடது காலை மர முக்காலியில் முன்னால் நீட்டி வைத்து, இரண்டு நிமிஷம் முதுகைக் காட்டி, மறுபடி தூரம். "பதினொன்னு இருபதுக்கு ஆரம்பிக்கலாம்" என்றார்கள்.

நிற்கிறேன். குடிலுக்குள் சுண்ணாம்பு வாசனை, ஏழு மாதத்துக்குப் பிறகு, அது மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை யாரும் இல்லை, மாசானம் வெளியே நின்றுகொண்டு நேரம் மட்டும் சொல்கிறான். "அண்ணாச்சி, கிட்ட போங்க." போனேன். தூணின்மேல் கருவி சும்மா இருக்கிறது, அதன் முகத்தில் எதுவும் தெரியாது, எல்லாம் ஆபீஸில் மேடம் முன்னால்தான் விழும். என் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். அடி விழுவது இங்கே இல்லை, வடக்கே கடைசியில், பனிப் பிரதேசத்தில். அங்கே விழுந்த அடி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் நடுக்கோட்டில் வந்து தெரியும். முதலில் நம் ஓட்டத்தை இன்னும் வேகமாக ஓட்டும், அப்புறம் சூரியனிலிருந்து வருகிற காற்றின் காந்தம் திசை மாறினால் இங்கே ஓட்டமே தலைகீழாகிக் கிழக்கிலிருந்து மேற்கே ஓட ஆரம்பித்துவிடும், பட்டப்பகலில், சூரியன் உச்சியில் இருக்கும்போதே. ஏழெட்டு மணி நேரம் கழித்துத் துருவத்தில் சூடான காற்று மெதுவாக வந்து சேர்ந்து இன்னொரு தடவை குழப்பும். "காலை நீட்டுங்க அண்ணாச்சி." முக்காலியில் வைத்தேன். தழும்பு கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சொல்லு, என்ன சொல்லணுமோ சொல்லு.

மயில்தான் காரணம். விடியற்காலை டி.வி.எஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், வேலியிலிருந்து ஒன்று குறுக்கே பறந்தது, ஒதுங்கினேன், ரோட்டோரச் சிறுபாலத்துச் சுவரில் போய் விழுந்தேன். மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலும்பு இரண்டு இடத்தில் வெளியே வந்துவிட்டது, பத்து நாளில் புண் கறுத்தது, பெரிய டாக்டர் காலை முட்டியோடு எடுத்துவிடலாம் என்றார். ஓர் இளம் டாக்டரம்மா, இருபத்தெட்டு வயது இருக்குமா, "சார், இன்னும் ரெண்டு நாள் எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, அந்த இரண்டு நாளும் வீட்டுக்குப் போகாமல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து புண்ணைக் கழுவினாள். அவள் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, முகமூடிக்கு மேலே இரண்டு கண் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அவள் நன்றாக இருக்க வேண்டும். செண்பகவடிவு வராந்தாவிலேயே கிடந்தாள், அந்த இரண்டு நாளில் ஒரு தடவை காணாமல் போய்ச் சாயங்காலம் வந்தாள், எங்கே போனாய் என்றதற்குக் கயிறு வாங்க என்றாள், பழைய அரைஞாண் கயிற்றை ஆபரேஷனுக்கு அறுத்துப் போட்டிருந்தார்கள், புதுக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். ஏழு மாதத்தில் அவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. பெட்பேனைத் தூக்கினாள், என் எரிச்சலைத் தாங்கினாள், கால் இருக்கிறதா என்று நான் போர்வைக்குள் தடவிப் பார்ப்பதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் ஒரு நன்றி சொன்னேனா. எங்கே சொல்கிறது, புருஷன் பெண்டாட்டிக்குள் அதெல்லாம் என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். "திரும்புங்க அண்ணாச்சி." திரும்பினேன். சுவர். வெள்ளைச் சுவர்.

ஆபீஸுக்கு வந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றுபோலக் குப்புற இறங்கிக்கொண்டிருந்தன, உச்சியில் இருக்க வேண்டிய நேரத்தில். பக்கத்துத் திரையில், ரேடியோ அலையை மேலே அனுப்பி எதிரொலி வாங்குகிற கருவியில், நூறு கிலோமீட்டரில் பகல் முழுக்க அந்த ஓட்டம் கிளப்புகிற மசமசப்பைக் காணவில்லை. ஓட்டம் திரும்பிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து அதைப் பார்த்து வாய் பிளந்திருப்போம். மேடம் கழித்தார்கள். அவ்வளவு ஆட்டமும் ஒரே தட்டலில் காணாமல் போய்விட்டது, ஒரு நேர்கோடு நின்றது, பலகை மாதிரி. அந்தப் பலகையில் ஒரு படி. நான் கிட்டே போய் நின்ற நேரத்தில் சரியாக ஏறி, நான் விலகிய நேரத்தில் சரியாக இறங்குகிற படி. மூன்று புள்ளி நான்கு. மாசானம் எங்கோ ஜன்னலைப் பார்த்தான். சரி, இவ்வளவுதான், தெரிந்துவிட்டது, ஸ்டோர் ரூமில் ஒரு ஃபேன் உண்டு, என்று இப்படித்தான் மனது போயிற்று. "சரி மேடம், நான் வாரேன்" என்று எழுந்தேன். "உக்காருங்க" என்றார்கள் மேடம். பேனா முனையால் திரையைத் தொட்டு ஒவ்வொரு இரண்டு நிமிஷமாக நகர்ந்தார்கள். "முகம் பாத்து நின்னப்ப மூணு நாலு. காலை முன்னால நீட்டினப்பவும் அதே மூணு நாலு, ஒரு துளி கூடல. காலா இருந்தா ஒரு அடி கிட்ட வந்ததுக்கு எகிறியிருக்கணும். முதுகு காட்டினதும் ஒன்னு ஏழு, பாதிக்குப் பாதி. ஒங்க உடம்புல முன்பக்கம் இருக்கு அது. கருவி இருக்கிற உயரத்துல." என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "இடுப்புல என்ன வெச்சிருக்கீங்க?"

ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லிக்கொண்டே கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கறுப்புக் கயிறு. கயிற்றில் முன்பக்கம் கட்டைவிரல் நகத்தளவு ஒரு துணி முடிச்சு. திருநீறு என்றுதான் நினைத்திருந்தேன், ஏழு மாதமாகக் குளிக்கும்போது தினமும் கையில் பட்டிருக்கிறது, ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. ஹேர்பின்னுக்குச் சிரித்த நான், கண்ணாடித் திருகைக் கழற்றி நூல் கட்டிய நான், காலையே பார்த்துப் பார்த்து இடுப்பைப் பார்க்காமல் குடிலுக்குள் போய் நின்றிருக்கிறேன். பின்பக்கத்து அறைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து முடிச்சைப் பல்லால் பிரித்தேன். துணிக்குள் துணி, அதற்குள் ஒரு லாட ஆணி. மாட்டுக் குளம்பில் அடித்துத் தேய்ந்துபோன, ஒரு பக்கம் வளைந்த, எண்ணெய் தடவின ஆணி. வாசலில் நின்ற மாசானத்திடம் காட்டி, வீட்டுக்காரி கட்டின கயிறு என்றேன். மாசானம் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான், "மதினிகிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

"இடுப்புக் கயித்துல என்னத்த வச்சிக் கட்டின?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், வரவில்லை. "அவுத்துட்டியளா?" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "கால எடுக்கணும்னு சொன்ன அன்னைக்கு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பக்கத்துக் கட்டில்ல இருந்த அம்மா சொன்னா, லாடம் கட்டுதவர்ட்ட கேட்டு ஒரு ஆணி வாங்கிக் கட்டு, ஒண்ணும் அண்டாதுன்னு. சந்தைக்குப் போயி அவரு வாரவரைக்கும் உக்காந்திருந்தேன். ஒங்ககிட்ட இரும்புன்னு சொன்னா வீசி எறிஞ்சிருப்பிய." எறிந்திருப்பேன். "இப்ப அவுத்துப்புட்டியள, கால்ல ஏதாவது தெரியுதா? வலி கிலி?" என்றாள். "கால்ல ஒண்ணுமில்லட்டீ" என்றேன், "கால் சுத்தமா இருக்கு, மேடம் பாத்துட்டாவ, கால்ல ஒண்ணுமே இல்ல." அவள் அழ ஆரம்பித்தாள். ஏழு மாதத்து அழுகை, நிறுத்தி நிறுத்தி, மூக்கைச் சிந்திச் சிந்தி. போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றேன். அப்புறம், நீ செஞ்சதுக்கெல்லாம் நான் என்னத்தச் செய்யப் போறேன் என்றேன், அவ்வளவுதான் எனக்கு வந்தது. "ஒண்ணும் செய்ய வேண்டாம். உள்ள போவும்போது கழத்தி வெச்சிட்டுப் போங்க, வெளிய வந்ததும் கட்டிக்கிடுங்க. செருப்பக் கழத்துதியள்ளா, அது மாதிரி" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி நின்றேன், ஆணி ஆபீஸ் மேஜையில் இருந்தது. தூரம், கிட்டே, கால், முதுகு, தூரம். புயல் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கழித்துப் பார்த்தால் பலகை, படியில்லை, பூஜ்யம் புள்ளி ஒன்று, அது கருவியின் சொந்த நடுக்கம். மாசானம் என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். அவன் எண்ணம் பலித்திருந்தால் மூன்று புள்ளி நான்கைப் புயலின் தலையில் கட்டிவிட்டு, ஆணியோடு வாராவாரம் உள்ளே போய்க்கொண்டிருப்பேன். சாதாரண நாளாக இருந்திருந்தால் மேடம் ஒரே சராசரியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள், அதுவும் நியாயம்தான். புயல் அடித்ததால்தான் அவ்வளவு நுணுக்கிப் பார்த்தார்கள். கும்பிட வேண்டியவர்கள் இன்றைக்கு எத்தனை பேர் என்று பார்த்தால், அந்த டாக்டரம்மா, பிளேட்டை உருக்கினவன், பக்கத்துக் கட்டில் அம்மா, லாடம் கட்டுகிறவர், மாசானம், மேடம், ஒன்பது கோடி மைல் தள்ளி வெடித்த சூரியன் வரைக்கும் வரிசை போகிறது, எல்லோருக்கும் முன்னால் அவள். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே, "இது இப்படியே போனா சாயங்காலம் மேலடுக்கு எழும்பாது. தினம் அந்தி சாஞ்சதும் அடுக்கு பொங்கி உடைஞ்சி சாட்டிலைட் சிக்னலைக் கெடுக்குமில்ல, இன்னைக்கு நம்ம பக்கம் அது இல்லாமப் போனாலும் போகலாம்" என்றார்கள். அவர்களுக்கும் முகம் மலர்ந்திருந்தது. "வியாழக்கிழமை நீங்கதான்" என்று என்னிடம் சொன்னார்கள்.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்கள். பதினொன்று இருபதிலிருந்து முப்பதுக்குள் மேற்குக் குடிலில் வந்த படிக்குக் காரணம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் பின்னால் பார்க்கிறவன் அதையும் வானத்தின் கணக்கில் சேர்த்துவிடுவான். அந்தக் கட்டத்தில் நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன், மாடு, டிராக்டர், இடி, மின்தடை என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவேன். இன்றைக்கு ஒரு சொல் போதவில்லை. எழுதினேன். 'புயலால் அல்ல. அளப்பவரின் இடுப்பில் லாட ஆணி ஒன்று. மனைவி கட்டியது. அளப்பவருக்குத் தெரியாது. இரண்டாம் சோதனையில் கால் சுத்தம்.' கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மேடம் படித்தார்கள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்கள். தேவையில்லாத சொல்லை அடிப்பது அவர்கள் வழக்கம், முனை 'மனைவி கட்டியது' என்ற இடத்துக்கு மேலே வந்து நின்றது. அவர்கள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள், பேனாவை அப்படியே கீழே கொண்டுபோய், சரிபார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.